கிருமிக் கணக்கு – 9: சமன்பாட்டில் இல்லாத எழுத்து

சென்ற வாரம்: மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்த ரொனால்ட் ராஸ், 1901-இல் சியரா லியோனுக்குக் கப்பலேறினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் அவருடன் போனார். கொசுவை ஒழிக்கப் போன ராஸ், அந்த இளைஞரின் மனத்தில் வேறொரு விதையைப் போட்டார். நோய்க்கும் கணக்கு உண்டு, அதைக் கணிதத்தால் பிடிக்கலாம் என்ற எண்ணம் அது.

அந்த இளைஞரின் பெயர் ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக். பிறந்தது 1876. தந்தை ஜான் கிரே மெக்கென்ட்ரிக் கிளாஸ்கோவில் உடலியங்கியல் பேராசிரியர். மகன் மருத்துவம் படித்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1905-இல் இமயமலை அடுக்கில் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் கசௌலிக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய இந்தியாவில் வெறிநாய் கடித்தவர் பிழைக்க வேண்டுமானால் கசௌலியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் அங்கேதான் தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் நாட்டின் மறுகோடிக்கு ரயிலில் போக வேண்டியிருந்தது. நோய் ரயிலைவிட வேகமாகப் போனால் அவ்வளவுதான். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க் கடியால் இறந்த பிறகே தெற்குக்கென்று ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் சேர, 1907 ஏப்ரல் 6-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறந்தது.

கிருமியை வளர்ப்பதும் எண்ணுவதும் கொல்வதும் அன்றாட வேலையாக இருந்த காலம் அது. அந்தச் சூழலில்தான் மெக்கென்ட்ரிக்கும் எம். கேசவ பை என்ற இந்திய மருத்துவரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு குடுவையில் ஒரே ஒரு கிருமியை விட்டால், சில மணி நேரம் கழித்து எத்தனை இருக்கும்?

கேட்பதற்கு எளிய கேள்வி. விடை சொல்லப் போனால் உலகமே கைவிட்டுப் போய்விடும் என்பதை இனி பாருங்கள்.

72 இரட்டிப்புகள்

குடலில் வாழும் கோலி பாக்டீரியாவுக்கு நல்ல தீனியும் உடல் சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணி நேரத்தில் 64. ஒரு நாளில் 72 முறை இரட்டிப்பு. ஒன்றை 72 முறை இரட்டித்தால் 47-க்குப் பிறகு 20 இலக்கங்கள் நீளும் எண் வரும். ஒரு கிருமியின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று கொண்டால், முதல் நாள் முடிவில் அந்தக் கூட்டத்தின் எடை 4,700 டன். இரண்டாம் நாள் முடிவில்? பூமியின் எடையைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

கணக்கில் தவறே இல்லை. ஆனால் பூமி அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் நடுவில் ஏதோ ஒன்று அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அது எப்போது பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது?

இதற்கு விடை காண முதலில் எண்ண வேண்டும். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்கள் எண்ணிய விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். கிருமி வளரும் ஊட்டக் குழம்பிலிருந்து கண்ணாடிப் பிப்பெட்டால் ஒரு மில்லி எடுத்து, 9 மில்லி கிருமியற்ற நீரில் கலக்குவார்கள். இப்போது செறிவு பத்தில் ஒன்று. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாயில் விட்டால் நூறில் ஒன்று. இப்படி ஆறு குழாய் தாண்டினால் பத்து லட்சத்தில் ஒன்று. கடைசிக் குழாயிலிருந்து ஒரு மில்லியை உருகிய அகாரில் கலந்து தட்டில் ஊற்றி, சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் குடியிருப்புகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய நாள் விழுந்த ஒரு கிருமியின் வம்சம். 42 புள்ளி இருந்தால் முதல் குழம்பில் ஒரு மில்லிக்கு 4 கோடியே 20 லட்சம் கிருமி. இதையே அரை மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை என்று இரவு பகலாகச் செய்தால்தான் ஒரு வளைகோடு கிடைக்கும்.

அந்த வளைகோட்டுக்கு மெக்கென்ட்ரிக்கும் கேசவ பையும் எழுதிய சூத்திரம் மூன்றே உறுப்புகளின் பெருக்கல். பெருகும் வேகம் இரண்டைப் பொறுத்தது என்றார்கள். ஒன்று, இப்போது இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை. இன்னொன்று, மிச்சம் இருக்கும் தீனி. இரண்டையும் பெருக்கி, b என்ற ஒரு மாறிலியாலும் பெருக்கினால் வேகம் வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கோடிக் கிருமிக்குத்தான் தீனி உண்டு என்று வைப்போம். ஆயிரம் கிருமியில் தொடங்குகிறோம். இரட்டிப்பு நேரம் 20 நிமிடம். இந்தச் சூத்திரப்படி கூட்டம் 50 லட்சத்தைத் தொட ஏறத்தாழ 4 மணி 26 நிமிடம் ஆகும். 50 லட்சத்திலிருந்து 90 லட்சம் போக 63 நிமிடம். 90-லிருந்து 99 லட்சம் போக 69 நிமிடம்! நாற்பது லட்சம் பிறக்க எடுத்த நேரத்தைவிடக் கடைசி ஒன்பது லட்சம் பிறக்க அதிக நேரம். தீனி குறையக் குறைய வேகம் தானாகவே இறங்கிவிடுகிறது. பூமி பிழைத்த ரகசியம் இதுதான்.

1911-இல் இந்த ஆய்வு எடின்பரோ ராயல் சொசைட்டியின் நடவடிக்கைத் தொகுப்பில் வெளிவந்தது. நுண்ணுயிர்கள் பெருகும் வேகம் பற்றிய ஒரு கணித ஆய்வு என்பதே அதன் தலைப்பு. ஒரு ஸ்காட்டியர், ஓர் இந்தியர் என இரண்டு பெயர்களும் அதில் உண்டு. பாக்டீரியாவின் பெருக்கத்தை இந்தச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஓர் இந்தியர் இருக்கிறார் என்பது நம் பள்ளிப் புத்தகம் எதிலாவது இருக்கிறதா?

அவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி பெல்ஜியத்தில் தூசு படிந்து கிடந்தது.

தூங்கிய சூத்திரம்

1838-இல் பியேர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் மனித மக்கள்தொகைக்காக இதே வடிவச் சமன்பாட்டை எழுதியிருந்தார். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேறு கண்டத்தில், வேறு உயிருக்காக, முற்றிலும் வேறு வழியில் மெக்கென்ட்ரிக்கும் பையும் அதே இடத்தை அடைந்தார்கள். அதற்கும் ஒன்பது ஆண்டு கழித்து, 1920-இல், அமெரிக்காவின் ரேமண்ட் பேர்லும் லோவெல் ரீடும் தங்கள் நாட்டு மக்கள்தொகையைக் கணிக்க மூன்றாம் முறையாக அதைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகுதான் உலகம் அதைக் கொண்டாடியது. பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை வெர்ஹுல்ஸ்ட், பேர்ல், ரீட் என்ற மூவரோடு நின்றுவிடுகின்றன. நடுவில் இருந்த இருவரை, அதிலும் கேசவ பையை, நினைப்பவர் குறைவு. அது நியாயமில்லை.

ஆனால் இந்த வாரத்தின் சிக்கல் பெயர் விடுபட்டதில் இல்லை. அந்தச் சமன்பாட்டை இன்னொரு முறை பாருங்கள். கிருமியின் எண்ணிக்கை இருக்கிறது, தீனி இருக்கிறது, நேரம் இருக்கிறது. வெப்பத்துக்கு ஓர் எழுத்துகூட இல்லை. பாலைக் காய்ச்சும், மீனுக்கு ஐஸ் போடும் எந்தத் தாய்க்கும் தெரிந்த உண்மையைச் சூத்திரம் ஏன் சொல்லவில்லை?

சொல்லாமல் இல்லை. மறைத்து வைத்திருக்கிறது. அந்த b என்ற மாறிலிக்குள் வெப்பம் ஒளிந்திருக்கிறது. சூடு மாறாதவரைதான் அது மாறிலி. சூடு மாறினால் b மாறும். b மாறினால் எல்லாமே மாறும். எப்படி மாறும் என்பதைச் சூத்திரம் சொல்லாது.

அதே ஆண்டுகளில் இருவர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் மார்ஷல் பார்பர், நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒற்றைக் கிருமியைத் தனியே எடுக்கும் வித்தையில் தேர்ந்தவர். 1908-இல் கோலி பாக்டீரியா வெவ்வேறு வெப்பநிலைகளில் என்ன வேகத்தில் பெருகுகிறது என்ற அளவீடுகளை வெளியிட்டார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், பாக்டீரியாப் பெருக்கத்தில் வெப்பத்துக்கும் பிற நிலைமைகளுக்கும் உள்ள பங்கைப் பற்றி எழுதினார். பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆய்வில் புது வழியே போட்டவர் இவர்.

அளவுகள் கையில் வந்துவிட்டன. அவற்றைக் கோக்கும் நூல் எங்கே?

நேர்கோடு வளைந்தது

நூல் ஏற்கெனவே இருப்பதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். 1889-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ், வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறும் என்று ஒரு விதி சொல்லியிருந்தார். வேகத்தின் மடக்கையை எடுத்து, முழுவெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே குறித்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கிருமியும் வேதிவினைகளின் மூட்டைதானே? அதற்கும் இதே விதி பொருந்த வேண்டும் என்று நுண்ணுயிரியலாளர்கள் பல பத்தாண்டுகள் கோடு போட்டுப் பார்த்தார்கள்.

நடுப்பகுதியில் பொருந்தியது. கோலி பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 21 டிகிரி முதல் 37 டிகிரி வரை கோடு நேராகப் போனது. அதற்குக் கீழே சூடு இறங்க இறங்க, விதி சொன்னதைவிட வேகமாகப் பெருக்கம் படுத்தது. மேலே 40 டிகிரியைத் தாண்டியதும் இன்னும் மோசம். வேகம் சடாரென்று சரிந்து, 50-ஐ எட்டுவதற்குள் பெருக்கமே நின்றது.

காரணம், உயிர் ஒற்றை வினையில்லை. குளிரில் கிருமியின் மேலுறையின் கொழுப்பு இறுகிப்போகும். புரதம் தயாரிக்கும் வேலை தடைப்படும். அதிகச் சூட்டில் நொதிகளின் மடிப்பே குலைந்துவிடும். ஒரு புரதம் சோர்ந்தாலும் அதை நம்பியிருக்கும் வேலையெல்லாம் சோரும். ஆயிரக்கணக்கான வினைகளுக்குச் சேர்த்து ஒரே நேர்கோடு கேட்டது நம் பேராசை.

எழுபது ஆண்டுகள் இந்த முடிச்சு அவிழவில்லை. கடைசியில் அதை அவிழ்க்கும் வழி மீன் ஆய்விலிருந்து வந்தது.

ஹோபார்ட்டில் ஒரு வர்க்கமூலம்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவு. அதன் தலைநகர் ஹோபார்ட்டில் ஜூன் ஆலி என்ற பெண் விஞ்ஞானி, மீன் கெட்டுப்போகும் வேகத்தை ஆராய்ந்துவந்தார். கூடவே டேவிட் ராட்கோவ்ஸ்கி என்ற புள்ளியியலாளர். டாம் மெக்மீகினும் ஆண்ட்ரூ பாலும் சேர்ந்துகொண்டார்கள். கெண்டை மீனின் தசை குளிரில் சிதையும் வேகத்தைப் பற்றி ஜப்பானில் வந்த ஓர் ஆய்வில் ஒரு விசித்திரமான உறவு தென்பட்டிருந்தது. வேகத்தை அப்படியே எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், வெப்பநிலையோடு அது நேர்கோட்டில் ஏறியது.

அது பாக்டீரியாவுக்கும் பொருந்துமா? பொருந்தியது. 1982-இல் நால்வரும் அதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் ஓர் அடிப்புள்ளி வெப்பநிலை உண்டு. இப்போதைய வெப்பநிலையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சத்தை அதனாலேயே பெருக்குங்கள். பெருக்க வேகம் அந்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அவ்வளவுதான் விதி! மறு ஆண்டே அதிகச் சூட்டில் வேகம் சரிவதையும் சேர்த்து விரித்தெழுதினார்கள். அடிப்புள்ளி என்பது கோட்டைக் கீழே நீட்டினால் கிடைக்கும் கற்பனைப் புள்ளி, கிருமியின் உடலில் அதற்கென்று தனி அர்த்தம் இல்லை என்பதையும் அவர்களே நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள்.

கற்பனைப் புள்ளிதான். ஆனால் அது கையில் வந்ததும் என்ன செய்ய முடிகிறது என்பதை நமக்குப் பக்கத்து மலையில் வைத்துப் பார்க்கலாம்.

வித்துராவும் பொன்முடியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு தாண்டிப் பொன்முடி போகும் பாதையில் வித்துரா இருக்கிறது. ஒரு பக்கம் ஜெர்சிப் பண்ணை, மறுபக்கம் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் வழி, மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமான ஐசரின் வளாகம். கணிதமும் உயிரியலும் ஒரே வளாகத்தில் படிக்கக் கிடைக்கும் இடம். அங்கிருந்து கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு டிகிரி போலக் குளிரும்.

காய்ச்சாத பால் இரண்டு பாத்திரங்களில் இருப்பதாக வைப்போம். ஒன்று வித்துராவில், 31 டிகிரியில். இன்னொன்று பொன்முடியில், 25 டிகிரியில். இரண்டிலும் ஆயிரம் கோலி பாக்டீரியா. அடிப்புள்ளி 4 டிகிரி என்றும், 37 டிகிரியில் இரட்டிப்பு நேரம் 20 நிமிடம் என்றும், கிருமி தாமதிக்காமல் பெருகத் தொடங்குகிறது என்றும் எடுத்துக்கொள்வோம்.

வித்துராவில் 31-லிருந்து 4 போனால் 27. அதன் வர்க்கம் 729. பொன்முடியில் 25-லிருந்து 4 போனால் 21, வர்க்கம் 441. உடல் சூடான 37-க்கு 33, வர்க்கம் 1,089. ஆகவே வித்துராவில் இரட்டிப்பு நேரம் ஏறத்தாழ 30 நிமிடம். பொன்முடியில் 49 நிமிடம். நான்கு மணி நேரம் கழித்து வித்துராப் பாலில் 2 லட்சத்து 60 ஆயிரம் கிருமி. பொன்முடிப் பாலில் 29 ஆயிரம். வெறும் ஆறு டிகிரியில் ஒன்பது மடங்கு வித்தியாசம்! பாலைக் கறந்த கையோடு குளிர்விக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய் 4 டிகிரிக்கு இறக்கச் சொல்வது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? இந்தக் கணக்கில் 4 டிகிரியில் கோலியின் வேகம் பூஜ்யம்.

உடனே நிம்மதியடைந்துவிட வேண்டாம். அடிப்புள்ளி ஒவ்வொரு கிருமிக்கும் வேறு. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது பெரும் ஆபத்து. சூடோமோனாஸ் இனங்கள் குளிர்ந்த பாலையும் மீனையும் கெடுப்பதில் கைதேர்ந்தவை. குளிர், கிருமியைக் கொல்வதில்லை. அதன் கடிகாரத்தை மெதுவாக்குகிறது, அவ்வளவே.

1911-இன் சமன்பாடு எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது. 1982-இன் விதி எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று சொன்னது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு பாத்திரம் பாலின் எதிர்காலம் தெரியும். ஒரு சூத்திரத்தை நம்புமுன் அதில் எழுதப்படாதது எது என்று கேட்க வேண்டும் என்பதே இந்த எழுபது ஆண்டு வரலாறு நமக்குத் தரும் பாடம்.

அந்தப் பாடம் 1982-க்கு வெகு முன்பே இன்னும் பெரிய அரங்கில் சோதிக்கப்பட்டிருந்தது.

பம்பாயின் வளைகோடு

உடல்நலம் குன்றி 1920-இல் இந்தியாவை விட்டுக் கிளம்பிய மெக்கென்ட்ரிக், எடின்பரோவில் ராயல் மருத்துவர் கல்லூரியின் ஆய்வுக்கூடப் பொறுப்பை ஏற்றார். அங்கே அவருடன் வேலை பார்த்தவர் வில்லியம் கெர்மாக். 1924-இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் இரு கண்களையும் இழந்த வேதியியலாளர். பார்வையற்ற அவரும் கிருமி எண்ணிய மருத்துவரும் 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தமுறை பெருகும் கூட்டம் நோய், தீனி மனிதர்கள். நோய்க்கு இரையாகக்கூடியவர்கள் குறையக் குறையக் கொள்ளைநோய் தானாகவே அடங்கும் என்றது அவர்கள் கணிதம்.

அதற்குச் சாட்சியாக அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய். 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை வாரவாரம் பிளேக்கில் மாண்டவர்களின் எண்ணிக்கை. கோடு ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கியது. அவர்களின் சூத்திரம் அந்தப் புள்ளிகளின் மேல் அழகாகப் பொருந்தியது.

ஆனால் அதே பம்பாயில், அதே ஆண்டுகளில், பிளேக் ஆராய்ச்சிக் குழு வேறொரு காரணத்தைக் கண்டிருந்தது. வெயில் ஏறி, சராசரி வெப்பம் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் பிளேக் கிருமி நிலைப்பதில்லை. அதனால்தான் கோடையில் நோய் இறங்குகிறது என்றது அந்தக் குழு. மெக்கென்ட்ரிக்கின் புதிய சமன்பாட்டிலோ, பதினாறு ஆண்டுகளுக்கு முந்தையதைப் போலவே, வெப்பத்துக்கு ஓர் எழுத்து இல்லை.

பம்பாயில் பிளேக்கை நிறுத்தியது இரை தீர்ந்ததா, வெயில் ஏறியதா? உலகத்துக் கொள்ளைநோய்க் கணிதத்துக்கெல்லாம் அடித்தளமான அந்தப் பொருத்தம் சரியான காரணத்தால் கிடைத்ததா, தற்செயலா? விடை அடுத்த வாரம்.